சன்னல்தான் அதன் புகைபோக்கி: மண்ணெண்ணெய் ஹீட்டர் பற்றி வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியவை: திரி வைத்து எரியும், புகைபோக்கி இல்லாத, கையால் தூக்கி இடம் மாற்றக்கூடிய மண்ணெண்ணெய் ஹீட்டர். சுவரில் குழாய் வைத்துப் புகையை வெளியேற்றும் வகைக்குக் கீழே உள்ளவை முழுதாகப் பொருந்தாது. உங்கள் ஹீட்டருக்கான கையேடு இதிலிருந்து மாறுபட்டால் கையேட்டைப் பின்பற்றுங்கள்.

கேள்வி: குளிர் தாங்காமல்தான் ஹீட்டர் போடுகிறோம். போட்டுவிட்டுச் சன்னலைத் திறந்து வை என்கிறார்கள். சூடெல்லாம் வெளியே போய்விடாதா? ஒரு மணி நேரம் மூடியே வைத்தால் என்ன ஆகிவிடும்?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 3 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் உயரம் உள்ள அறையில் ஏறக்குறைய 32 கன மீட்டர் காற்று இருக்கும். 1 லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் சுமார் 10 கிலோவாட் மணி வெப்பம் கிடைக்கும். ஆகவே 2.5 கிலோவாட் ஹீட்டர் மணிக்குக் கால் லிட்டர் குடிக்கும். அந்தக் கால் லிட்டர் எரிய, சுமார் இரண்டரை கன மீட்டர் காற்றில் உள்ள ஆக்சிஜன் முழுவதும் செலவாகும்.

அறையைக் காற்றுப் புகாமல் மூடினால், சாதாரணமாக 21 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜன் ஒரு மணி நேரத்தில் 19-ஐ ஒட்டி வந்துவிடும். இரண்டு மணி நேரத்தில் 18-க்குக் கீழே போகும். கார்பன் டை ஆக்சைடோ, வெளிக்காற்றில் 0.04 விழுக்காடு இருப்பது, அறைக்குள் முதல் மணி நேரத்திலேயே 1 விழுக்காட்டைத் தொடும். எந்த வீடும் அவ்வளவு இறுக்கமாக மூடாது என்பது உண்மைதான். ஆனால் குளிருக்குப் பயந்து கதவிடுக்கில் துணி அடைத்து, சன்னல் சந்தில் டேப் ஒட்டுகிறவர்கள் அதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறார்கள்.

ஆக்சிஜன் குறைவதை உடம்பு உடனே உணராது, சுடர் உணர்ந்துவிடும். ஆக்சிஜன் போதாத சுடர் எரிபொருளை முழுதாக எரிக்க முடியாமல் கார்பன் மோனாக்சைடை விடத் தொடங்கும். நமக்கு மூச்சு முட்டுவதற்கு வெகு முன்பே இது நடந்துவிடும்.

இப்போது நீங்கள் கேட்ட சூட்டுக்கு வருவோம். இதே அறையின் காற்று முழுவதையும் ஒருமுறை வெளியே விட்டுப் புதுக்காற்றை நிரப்பினால், வெளியே 15 டிகிரி குறைவாக இருந்தாலும்கூட, இழக்கும் வெப்பம் 0.16 கிலோவாட் மணிதான். உங்கள் 2.5 கிலோவாட் ஹீட்டருக்கு அது நான்கு நிமிட வேலை. அறையின் வெப்பத்தில் பெரும்பகுதியைக் காற்று வைத்திருப்பதில்லை. சுவரும் தரையும் கட்டிலும் மேசையும்தான் வைத்திருக்கின்றன. சன்னலை இரண்டு நிமிடம் திறப்பதால் அவை ஆறிவிடாது.

ஆகவே ஹீட்டர் எரியும் நேரம் முழுவதும் அதே அறையின் சன்னல் ஒன்று குறைந்தது இரண்டரை செ.மீ. திறந்திருக்கட்டும். அடுத்த அறைக்குப் போகும் கதவையும் திறந்து வையுங்கள். இதற்கு மேல், மணிக்கு ஒரு முறையாவது எதிரெதிரே இரண்டு திறப்புகளை ஓரிரு நிமிடம் விரியத் திறந்து காற்றை ஓடவிடுங்கள். சன்னலே இல்லாத அறை, குளியலறை, கூடாரம், வண்டி ஆகியவற்றில் இந்த ஹீட்டரைக் கொளுத்தவே கூடாது.

கேள்வி: எண்ணெய் மிச்சமாகட்டும் என்று திரியை நன்றாக இறக்கி, சுடரைச் சின்னதாக வைத்து எரிக்கிறேன். ஆனால் கண் எரிகிறது, ஒரே வாடை. ஹீட்டர் பழுதா?

பழுது இல்லை. திரியை இறக்கியதுதான் காரணம். எரிவாயு அடுப்பைச் 'சிம்'மில் வைத்துப் பழகிய கை இதையும் அப்படியே இறக்கப் பார்க்கும். திரி ஹீட்டர் அப்படி வேலை செய்யாது.

திரியின் மேல், ஓட்டைகள் நிறைந்த ஒரு தகர உருளை உட்கார்ந்திருக்கிறது அல்லவா, அதைப் பர்னர் உருளை என்போம். திரியிலிருந்து எழும் மண்ணெண்ணெய் ஆவி அந்த ஓட்டைகள் வழியே வரும் காற்றோடு கலந்து, உருளை பழுக்கக் காயும்போதுதான் முழுதாக எரியும். திரியை இறக்கினால் உருளை தேவையான சூட்டை எட்டாது. ஆவியில் ஒரு பகுதி எரியாமலும், ஒரு பகுதி அரைகுறையாக எரிந்தும் அறைக்குள் வரும். உங்கள் மூக்குக்குப் படுவது எரியாத மண்ணெண்ணெய். கண்ணைக் கரிக்கச் செய்வது ஃபார்மால்டிஹைடு போன்ற ஆவிகள். கூடவே வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் வருகிறது. மிச்சம் பிடித்த எண்ணெயில் ஒரு பங்கு எரியாமலே போவதால் கணக்கிலும் லாபமில்லை.

திரியை மிக உயர்த்துவதும் தவறுதான். சுடர் உருளைக்கு மேலே மஞ்சளாக நாக்கு நீட்டினால் கரிப்புகை கிளம்பும். கூரையில் கறுப்பு வட்டம் விழுவது இதனால்தான்.

சரியான உயரம் எது என்று கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். உருளைக்குப் பின்னால் பிரதிபலிப்புத் தகடு உள்ள வகையில் உருளை முழுவதும், ஒரு பக்கம் கறுத்தும் ஒரு பக்கம் சிவந்தும் இல்லாமல், ஒரே சீராகச் செம்மஞ்சளாகக் கனல வேண்டும். பற்றவைத்த உடனே உயரத்தை முடிவு செய்யாதீர்கள். 5 முதல் 10 நிமிடம் கழித்துச் சரிசெய்து, அரைமணி கழித்து இன்னொரு முறை பாருங்கள். உருளை சூடாக ஆகச் சுடர் தானாக வளரும்.

அறை அதிகமாகச் சூடாகிவிட்டால் திரியை இறக்காமல் ஹீட்டரை அணைத்துவிடுங்கள். ஏற்றும்போதும் அணைக்கும்போதும் சில நிமிடம் வாடை வருவது இயல்பு. இடையில் வாடை வந்தால் அது இயல்பில்லை.

கேள்வி: அப்படியானால் எந்த அளவு ஹீட்டர் வாங்க வேண்டும்?

சூடு வெளியே போகாதபடி ஓரளவு காப்பிட்ட வீட்டுக்குச் சதுர மீட்டருக்கு 100 வாட் என்பது தோராயக் கணக்கு. 12 சதுர மீட்டர் அறைக்கு 1.2 கிலோவாட் போதும். மிகக் கடும் குளிரோ, ஓட்டைகள் நிறைந்த பழைய வீடோ என்றால் கூடுதலாகத் தேவைப்படும். பெரிதாக வாங்கி அடக்கி எரிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அடக்கி எரிப்பதன் விளைவை முந்தைய பதிலிலேயே பார்த்தோம்.

கேள்வி: மண்ணெண்ணெயில் என்ன பார்த்து வாங்குவது? போன குளிர்காலத்து மிச்சம் ஒரு கேனில் இருக்கிறது, அதை ஊற்றலாமா?

போன பருவத்து எண்ணெயை ஊற்றாதீர்கள். வெளிச்சத்திலும் வெப்பத்திலும் மாதக் கணக்கில் இருந்த மண்ணெண்ணெய் கெட்டுப்போகும். எரியும்போது திரியில் தார் போலப் படியும்.

வாங்கும்போது ஒரு சுத்தமான கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் ஊற்றி, பின்னால் வெள்ளைத்தாள் வைத்துப் பாருங்கள். தண்ணீர் போல இருக்க வேண்டும். மஞ்சள் தட்டினால் பழையது, அல்லது வேறு எண்ணெய் கலந்தது. கலங்கலாக இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். சற்று நேரம் அசையாமல் வைத்தால், மண்ணெண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் குமிழாகவோ தனிப் படலமாகவோ தங்கும். தண்ணீர் கலந்த எண்ணெயைத் திரி இழுக்காது. சுடர் குன்றும், டேங்கின் அடி துருப்பிடிக்கும்.

சில நாடுகளில் வரி, மானியக் காரணங்களுக்காகச் சாயம் கலந்து விற்பார்கள். அந்தச் சாயம் திரியின் நுண்துளைகளை அடைக்கும். கந்தகத்தின் அளவும் முக்கியம். அமெரிக்கத் தர வரையறையில் வீட்டு ஹீட்டருக்கு உரிய '1-கே' வகையில் எடையில் 0.04 விழுக்காட்டுக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. '2-கே' வகையில் 0.30 விழுக்காடு வரை இருக்கலாம். இரண்டாவதை எரித்தால் கந்தக டை ஆக்சைடு அறையில் கூடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது நேரடியாக மூச்சில் தெரியும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து பெட்ரோல். மண்ணெண்ணெய் குறைந்தது 38 டிகிரி செல்சியஸுக்குச் சூடானால்தான் அதன் ஆவி தீப்பொறிக்குப் பற்றும். பெட்ரோலின் ஆவி உறைநிலைக்கு 40 டிகிரி கீழே கூடப் பற்றும். மண்ணெண்ணெயில் சிறிதளவு பெட்ரோல் கலந்தாலும் இந்த இடைவெளி சரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, மூக்காலும் நம்பிச் சொல்ல முடியாது. ஹீட்டரின் டேங்க் சூடாகும்போது ஆவி பொங்கி, சுடர் அடங்காமல் எழும். திரியை இறக்கினாலும் அணையாது.

இந்தக் கலப்பு பெரும்பாலும் கேன் மாறுவதால்தான் நேர்கிறது. பெட்ரோல் ஒரு முறை இருந்த கேனைக் கழுவிக் காயவைத்தும் மண்ணெண்ணெய்க்குப் பயன்படுத்தக் கூடாது. இரண்டுக்கும் வேறு நிறக் கேன், வேறு புனல், வேறு கை பம்ப் வையுங்கள். கேனின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். சந்தேகம் வந்தால் அந்த எண்ணெய் முழுவதையும் ஒதுக்கிவிடுங்கள். அதைச் சாக்கடையிலும் மண்ணிலும் கொட்டாமல், அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

கேள்வி: எரிந்துகொண்டிருக்கும்போதே டேங்கைக் கழற்றி நிரப்பி மாட்டிவிடுகிறேன். கவனமாகத்தான் செய்கிறேன். தவறா?

தவறு, தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். கழற்றும் டேங்கின் மூடி சரியாகத் திருகாமல் இருந்து, தலைகீழாகத் திருப்பி மாட்டும் அந்த ஒரு நொடியில் எண்ணெய் கொட்டினால், அது கொட்டுவது பழுத்த உருளையின் மேல். கவனமான கைக்கும் மூடி ஒரு நாள் வழுக்கும்.

ஹீட்டரை அணைத்து, தொட்டால் சுடாத அளவுக்கு ஆறவிடுங்கள். டேங்க் கழற்றும் வகையானால் டேங்கை மட்டும் வெளியே எடுத்துப் போங்கள். கழற்ற முடியாத வகையானால் ஆறிய ஹீட்டரையே வெளியே கொண்டுபோய் நிரப்புங்கள். அளவு காட்டும் முள் 'முழுது' என்பதைத் தொடுவதற்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். மண்ணெண்ணெய் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். வெளியே குளிர்ந்து கிடந்த எண்ணெயை 5 லிட்டர் டேங்கில் விளிம்புவரை நிரப்பி, 20 டிகிரி கூடுதலான அறைக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 100 மி.லி. வழியும். அரை டம்ளர் மண்ணெண்ணெய் ஹீட்டரின் அடியில் பரவுவதற்கு வேறு யாரும் தவறு செய்ய வேண்டியதில்லை.

நிரப்பியதும் மூடியைத் திருகி, டேங்கை வெளியிலேயே ஒரு முறை கவிழ்த்துப் பிடித்து, மூடியைச் சுற்றிக் கசிகிறதா என்று பாருங்கள். வழிந்ததைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். துடைத்த துணியை வீட்டுக்குள் போடாதீர்கள். எண்ணெய்க் கேனும் வசிக்கும் அறையில் இருக்கக் கூடாது, தனிக் கொட்டகை நல்லது.

கேள்வி: சுடர் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தணிந்தும் எரிகிறது. திரியை மாற்ற வேண்டுமா?

முதலில் காசில்லாத வேலையைச் செய்து பாருங்கள். பர்னர் உருளைக்கு ஒரு சிறிய கைப்பிடியோ கம்பியோ இருக்கும். ஹீட்டர் ஆறியிருக்கும்போது அதைப் பிடித்து இடமும் வலமுமாக இரண்டு மூன்று முறை மெல்ல அசையுங்கள். உருளை தன் பள்ளத்தில் உட்கார்ந்தால் தடையில்லாமல் வழுக்கி ஓடும். எங்காவது இடித்தால் உட்காரவில்லை என்று பொருள். அது ஒரு மில்லிமீட்டர் தூக்கி நின்றாலே அந்தப் பக்கம் காற்று அதிகமாகப் புகுந்து சுடர் கோணும், கரி கிளம்பும். ஒவ்வொரு முறை பற்றவைத்த பிறகும் இதை ஒரு முறை சரிபார்ப்பது நல்ல பழக்கம். உருளை சூடேறும் முன்பே அந்தக் கைப்பிடியால் செய்துவிடுங்கள்.

அதிலும் சரியாகவில்லை என்றால் ஹீட்டர் மட்டமான தரையில் நிற்கிறதா, கதவிடுக்குக் காற்று நேராக அதன்மேல் அடிக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் திரிக்கு வாருங்கள். உருளையைத் தூக்கிவிட்டுத் திரியை முழுதாக உயர்த்தி, விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். நல்ல திரியின் நுனி மெத்தென்று இருக்கும். கரி ஏறிய இடம் காய்ந்த பசை போல விறைத்து, நகத்தால் தட்டினால் 'டக்' என்று ஒலிக்கும். அந்த இடத்தில் எண்ணெய் ஏறாது, சுடர் அங்கேதான் தணியும்.

கண்ணாடி இழைத் திரியானால், எண்ணெய் தீரும்வரை எரியவிட்டுக் கரியைப் போக்கலாம். இதைக் கட்டாயம் வெளியில், காற்று அடிக்காத இடத்தில் செய்யுங்கள். கழற்றும் டேங்கை எடுத்துவிட்டு, அடித்தொட்டியில் மிஞ்சியதை மட்டும் எரியவிடுங்கள். சுடர் தணியத் தணியத் திரியை முழு உயரத்திலேயே வைத்து, தானாக அணையும்வரை விடுங்கள். ஓரிரு மணி நேரம் ஆகலாம். நன்றாக ஆறியபின் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சாம்பலைத் தட்டிவிடுங்கள். பஞ்சுத் திரியில் இதைச் செய்தால் திரியே எரிந்துபோகும். அதில் நுனியைச் சீராகக் கத்தரிப்பதுதான் வழி. உங்களுடையது எந்தத் திரி என்பது கையேட்டில் இருக்கும். தெரியாவிட்டால் எரித்துப் பார்க்காதீர்கள்.

புதுத் திரி மாட்டினால், எண்ணெய் ஊற்றி 30 முதல் 60 நிமிடம் ஊறவிட்ட பிறகே பற்றவையுங்கள். காய்ந்த திரியைப் பற்றவைத்தால் முதல் நாளிலேயே நுனி கருகிவிடும். திரி அளவில் மாடலுக்கு மாடல் நுணுக்கமான வேறுபாடு உண்டு. 'கிட்டத்தட்டச் சரியாக இருக்கும்' திரியை வாங்காதீர்கள்.

கேள்வி: அணைக்கும் கைப்பிடி கொஞ்ச நாளாக இறுகிவிட்டது. எண்ணெய் போடலாமா?

போடாதீர்கள். தார் படிந்த திரி அதன் குழாயில் ஒட்டிக்கொள்வதால்தான் கைப்பிடி இறுகுகிறது. இன்று சிரமப்பட்டு இறங்குகிற திரி, நாளை இறங்கவே இறங்காது. அப்போது ஹீட்டரை அணைக்க உங்களிடம் வழி இருக்காது. சாய்ந்தால் தானாக அணைக்கும் பாதுகாப்புப் பொறியும் இதே திரியைக் கீழே இழுத்துத்தான் அணைக்கிறது. திரி ஒட்டினால் அதுவும் பயனற்றது. திரியைச் சுத்தம் செய்யும்வரை அல்லது மாற்றும்வரை பற்றவைக்காதீர்கள்.

அந்தப் பொறியை மாதம் ஒரு முறை சோதியுங்கள். ஹீட்டர் ஆறி இருக்கும்போது திரியை உயர்த்திவிட்டு, பக்கவாட்டில் கையால் ஓர் அசைப்பு அசையுங்கள். திரி 'சடக்'கென்று விழ வேண்டும்.

கேள்வி: இரவு முழுவதும் எரியவிட்டுத் தூங்கலாமா? கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி மாட்டியிருக்கிறேன்.

வேண்டாம். அலாரம் இருந்தாலும் வேண்டாம். படுக்கும் முன் அணைத்து, அறையைக் காற்றாட விட்டுவிட்டுப் படுங்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் தளர்வு எனச் சில எச்சரிக்கைகளாவது கிடைக்கும். தூங்குகிறவருக்கு அவை கிடைக்காது. தூக்கம் மயக்கமாக மாறுவது அவருக்கே தெரியாது.

அலாரத்தை அவசியம் வையுங்கள். ஆனால் அது எப்போது கத்தும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு தர வரையறைப்படி, பத்து லட்சத்தில் 70 பங்கு கார்பன் மோனாக்சைடு இருந்தால் 1 முதல் 4 மணி நேரத்துக்குள் அலாரம் ஒலிக்க வேண்டும். 150 பங்கு என்றால் 10 முதல் 50 நிமிடம். 400 பங்கு என்றால் 4 முதல் 15 நிமிடம். ஆரோக்கியமான பெரியவர் தப்பிப்பதற்கான கால அளவு இது. கருவுற்றவர்கள், கைக்குழந்தைகள், இதய நோயாளிகள் அதற்கு முன்பே பாதிக்கப்படலாம். அலாரம் கத்தவில்லை என்பதால் காற்று சுத்தமாக இருக்கிறது என்று பொருளில்லை.

வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத் தலைவலி, காய்ச்சல் இல்லாமல் குமட்டல், வெளியே போனால் குறைவது, உள்ளே வந்தால் திரும்புவது – இப்படி இருந்தால் மாத்திரை தேடாதீர்கள். எல்லோரும் வெளியே வாருங்கள். வழியில் கைக்கு எட்டினால் ஹீட்டரை அணையுங்கள், சன்னலைத் திறங்கள், அதற்காக நின்று தாமதிக்காதீர்கள். ஆம்புலன்ஸை அழைத்து, மண்ணெண்ணெய் ஹீட்டர் எரிந்தது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இப்போது பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபினையும் அது ஆக்சிஜன் பிடித்ததாகவே எண்ணிக் காட்டும். '98' என்று தெரியும், ஆளுக்கோ நஞ்சேறி இருக்கும். அதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். தனி இரத்தப் பரிசோதனைதான் சரியாகச் சொல்லும். சாதாரணக் காற்றில் இரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய 4 முதல் 6 மணி நேரமாகும். மருத்துவமனையில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் குறையும். அதனால்தான் 'கொஞ்சம் காற்று வாங்கினேன், சரியாகிவிட்டது' என்பது போதாது.

கேள்வி: ஹீட்டர் போட்டதிலிருந்து சன்னல் கண்ணாடியில் நீர் வழிகிறது, சுவர் மூலையில் பூஞ்சை.

1 லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வரும். கண்ணாடியில் வழிவது அதுதான். புகையும் அதே அளவுக்கு உள்ளே தங்குகிறது என்பதற்கும் இது அடையாளம். கண்ணாடி வேர்க்கத் தொடங்கினால் சன்னலை இன்னும் திறங்கள்.

கேள்வி: எவ்வளவு தூரத்தில் வைப்பது? மேலே கொடி கட்டி ஈரத்துணி காயவைக்கலாமா?

துணி காயவைக்கவே கூடாது. ஈரமாக இருக்கும்போது கனத்துத் தொங்கும் துணி, காய்ந்து லேசானதும் மேலெழும் சூட்டுக் காற்றில் ஆடி விழும். மெத்தை, திரைச்சீலை, காகிதம், மரச்சாமான் எல்லாவற்றிலிருந்தும் சுற்றிலும் 1 மீட்டர் தள்ளி வையுங்கள். வெளியேறும் வழியில் வைக்காதீர்கள். குழந்தைகள் இருந்தால் சுற்றிக் கம்பித் தடுப்பு வேண்டும், அந்தத் தடுப்பும் சுடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். தலைமுடி ஸ்பிரே, கொசு ஸ்பிரே, வார்னிஷ் போன்றவற்றை அந்த அறையில் அடிக்கவே வேண்டாம். மின்விசிறி வைத்த வகை ஹீட்டரில், சிலிகோன் உள்ள ஸ்பிரே சுடர் உணரியில் படிந்து, காரணமே தெரியாமல் அடிக்கடி அணையச் செய்யும்.

கேள்வி: திடீரென்று சுடர் பொங்கி மேலே எழுந்தது. என்ன செய்திருக்க வேண்டும்?

அணைக்கும் பொத்தானை அல்லது கைப்பிடியை ஒரு முறை இயக்குங்கள். சுடர் அடங்கவில்லை என்றால் வீட்டில் உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு, போகிற வழியில் அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியேறித் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

எரியும் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடத்தான் கை துடிக்கும். தூக்கி நடக்கும்போது டேங்கில் எண்ணெய் தளும்பிச் சுடரில் சேரும், எதிர்க்காற்று சுடரை உங்கள் முகத்துக்குத் திருப்பும், சூடு தாங்காமல் நடுவழியில் கீழே போட நேரும். அப்போது எரியும் எண்ணெய் வெளியேறும் வழியெங்கும் பரவிவிடும். தண்ணீர் ஊற்றாதீர்கள். எண்ணெய் அதன் மேல் மிதந்து எரிந்தபடியே பரவும். உலர் பொடி அல்லது நுரை தீயணைப்பானை, தீ சிறிதாக இருந்து, வெளியேறும் கதவு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

தானாக அடங்கிவிட்டாலும் அதே எண்ணெயுடன் மறுபடி பற்றவைக்காதீர்கள். பெட்ரோல் கலப்பு, விளிம்பு வழிய நிரப்பியது, உட்காராத உருளை, நேர்காற்று, ஒட்டிய திரி ஆகியவற்றில் எது காரணம் என்று கண்டுபிடித்த பிறகே அதைத் தொடுங்கள்.

கேள்வி: பாட்டிலில் வைத்திருந்த மண்ணெண்ணெயைக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டுமா?

வைக்கவே கூடாது. உப்புத் தண்ணீர் கொடுப்பது, தொண்டையில் விரல் விடுவது எதையும் செய்யாதீர்கள். மண்ணெண்ணெய் வயிற்றில் செய்யும் கேட்டைவிட நுரையீரலில் செய்யும் கேடு மிகப் பெரிது. வாந்தியாக மேலே வரும்போது அது எளிதாக மூச்சுக்குழாயில் நழுவி, நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். எண்ணெய் பட்ட உடையைக் கழற்றி, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குழந்தை நன்றாக விளையாடினாலும் கொண்டுபோங்கள். இருமலும் மூச்சிரைப்பும் சில மணி நேரம் கழித்துத் தொடங்கலாம். தண்ணீர் பாட்டிலிலோ பானப் பாட்டிலிலோ மண்ணெண்ணெயை ஒரு நாளும் ஊற்றி வைக்காதீர்கள். தண்ணீர் போலவே தெரிவதுதான் நல்ல மண்ணெண்ணெய் என்று மேலே எழுதியதைக் குழந்தையின் கண்ணோடு பாருங்கள்.

கேள்வி: குளிர்காலம் முடிந்ததும் அப்படியே மூடி வைத்தால் போதுமா?

டேங்கிலும் அடித்தொட்டியிலும் உள்ள எண்ணெயை முழுதாக வெளியே எடுங்கள். அடித்தொட்டியில் கொஞ்சம் புது எண்ணெய் விட்டு அலசி, துருத்தூளும் தண்ணீரும் வராத அளவுக்குக் கைபம்பால் உறிஞ்சுங்கள். வலைச்சல்லடை இருந்தால் அதையும் எண்ணெயிலேயே அலசுங்கள், தண்ணீரில் கழுவ வேண்டாம். கண்ணாடி இழைத் திரி என்றால் மேலே சொன்னபடி வெளியில் வைத்து மிச்சத்தை எரித்து முடியுங்கள். பிரதிபலிப்புத் தகட்டின் தூசியை மெல்லிய துணியால் துடையுங்கள். பற்றவைக்கும் பேட்டரிகளைக் கட்டாயம் கழற்றுங்கள். மாதக் கணக்கில் உள்ளே இருந்தால் ஒழுகி, தொடு தகடுகளை அரித்துவிடும். ஹீட்டரை நிமிர்த்தியே, ஈரமில்லாத இடத்தில் மூடி வையுங்கள். புதுத் திரி தேவை என்று தெரிந்தால் அதன் மாடல் எண்ணை ஒரு சீட்டில் எழுதி, கைப்பிடியில் கட்டி வைத்துவிடுங்கள்.